காதுக்கும் ஒரு கணக்கு உண்டு: நாமே செய்யும் சுருதிப் பெட்டி



இந்த மாதப் பாடத்தில் மின்னணுவியலும் இசையும் சேர்ந்து வருகின்றன. ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, ஒரு ஸ்பீக்கர், ஒரு ரெசிஸ்டர். இவ்வளவுதான் சாமான். இவற்றை வைத்து ஒலி எழுப்புவது எப்படி, அந்த ஒலியைச் சுருதிக்குக் கொண்டுவருவது எப்படி என்று பார்க்கப் போகிறோம். அதற்கு முன்னால் ஒரு பழைய கதை.

நான் படிவம் இரண்டு படித்தபோது பள்ளிப் பாட்டுக் குழுவில் இருந்தேன். ஒரு நாள் ஒத்திகையில் ஆசிரியர் வரிசையாக நடந்துவந்து ஒவ்வொருவர் வாயருகிலும் காதை வைத்துக் கேட்டார். என்னிடம் வந்ததும் நின்றார். "நீ சும்மா வாயை மட்டும் அசை. சத்தம் வேண்டாம்" என்றார். மேடையில் மூன்று பாட்டுக்கும் நான் வாயை மட்டும் அசைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "உன் குரல் தனியா கேட்டுச்சுப்பா" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் நான் பாடவே இல்லை. பிறந்தநாள் கேக் வெட்டும்போதுகூட கைதட்டுவதோடு சரி. யாராவது கேட்டால், "எனக்குக் காது கிடையாதுங்க" என்று சொல்லிச் சிரித்துவிடுவேன்.

இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. சனிக்கிழமை மாலையில் எங்கள் தாமான் மண்டபத்தில் இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மின்னணு வகுப்பு எடுக்கிறேன். பக்கத்து அறையில் இசை வகுப்பு நடக்கும். போன வருடம் அந்த வகுப்பின் சுருதிப் பெட்டி பேச்சை நிறுத்திவிட்டது. டீச்சர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "தம்பி, உங்க பிள்ளைங்க என்னென்னவோ செய்யுறாங்களே, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றார். திறந்து பார்த்தேன். பேட்டரி கசிந்து போர்டையே அரித்திருந்தது. "இது தேறாது டீச்சர். புதுசா ஒண்ணு செஞ்சு தர்றோம்" என்று வாய்விட்டுவிட்டேன். சுருதியே தெரியாத ஆள் சுருதிப் பெட்டி செய்யப் புறப்பட்ட கதை இப்படித்தான் தொடங்கியது.

சரி, பாடத்துக்கு வருவோம்.

1. ஒலி என்பது என்ன?

ஸ்பீக்கரின் உள்ளே ஒரு காந்தம், அதன் நடுவே ஒரு கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளில் மின்சாரம் போனால் கூம்பு ஒரு பக்கம் நகரும். நிறுத்தினால் பழைய இடத்துக்குத் திரும்பும். ஒரு முறை நகர்ந்து திரும்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். அதையே ஒரு வினாடிக்கு 250 முறை சீராகச் செய்தால், நம் காது தனித்தனி டிக்குகளைக் கேட்பதில்லை. ஒரே நீண்ட ஒலியாகக் கேட்கிறது. வினாடிக்கு எத்தனை முறை என்பதுதான் அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். எண் கூடினால் ஒலி மேலே போகும், குறைந்தால் கீழே இறங்கும்.

ஆக, ஒலி எழுப்ப மைக்ரோகண்ட்ரோலருக்குப் பாட்டுத் தெரிய வேண்டியதில்லை. சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கத் தெரிந்தால் போதும். ஆனால் நேரம் தவறக் கூடாது.

2. வேண்டிய பொருட்கள்

• ஆர்டுயினோ ஊனோ போர்டு ஒன்று (பின்னால் இன்னொன்று தேவைப்படும். நண்பரிடம் இரவல் வாங்கலாம்)
• 8 ஓம் சின்ன ஸ்பீக்கர். பழைய ரேடியோவிலிருந்தோ பொம்மையிலிருந்தோ கழற்றியது போதும்
• 270 ஓம் ரெசிஸ்டர்
• 10 கிலோ ஓம் வால்யூம் குமிழ்
• பிரெட்போர்டு, சில ஜம்பர் ஒயர்

ஆர்டுயினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில், மின்னணுப் படிப்பு இல்லாத வடிவமைப்பு மாணவர்களும் பயன்படுத்தட்டும் என்று உருவாக்கப்பட்டது. ஆகவே, "நான் அறிவியல் பிரிவு இல்லையே" என்று யாரும் ஒதுங்க வேண்டாம். ஊனோ போர்டின் கடிகாரம் வினாடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிக்கிறது. நமக்கு வேண்டிய 250 அதற்குத் தூசு.

ரெசிஸ்டர் எதற்கு? இதைப் புரிந்துகொள்ளாமல் ஒயரைச் செருகாதீர்கள். போர்டின் பின் 5 வோல்ட் கொடுக்கிறது. ஸ்பீக்கரை நேராக மாட்டினால், 5-ஐ 8-ஆல் வகுத்தால் 0.625. அதாவது 625 மில்லி ஆம்பியர் இழுக்கப் பார்க்கும். ஒரு பின்னுக்கு 20 மில்லி ஆம்பியர்தான் நல்லது, 40-ஐத் தாண்டவே கூடாது. 270 ஓம் ரெசிஸ்டரை இடையில் வைத்தால் மொத்தம் 278 ஓம். மின்னோட்டம் சுமார் 18 மில்லி ஆம்பியர். சத்தம் சிறியதாக இருக்கும், ஆனால் போர்டு பிழைக்கும்.

8-ஆம் பின்னிலிருந்து ரெசிஸ்டர், ரெசிஸ்டரிலிருந்து ஸ்பீக்கரின் ஒரு முனை, மறு முனை போர்டின் கிரவுண்டுக்கு. இணைப்பு முடிந்தது.

3. முதல் ஒலி

நிரலில் முதலில் 8-ஆம் பின்னை வெளியீட்டுப் பின்னாக அறிவிக்க வேண்டும். அதன் பிறகு லூப்பில் நான்கே வரிகள்:

அ) 8-ஆம் பின்னை மேலே ஏற்று
ஆ) 2 மில்லி செகண்ட் நில்
இ) 8-ஆம் பின்னைக் கீழே இறக்கு
ஈ) 2 மில்லி செகண்ட் நில்

பின்னை ஏற்றுவதும் இறக்குவதும் 'டிஜிட்டல் ரைட்' கட்டளை. நிற்பது 'டிலே' கட்டளை. விளக்கை மின்ன வைக்கும் முதல் பாடத்தில் நீங்கள் ஏற்கெனவே எழுதியது இதேதான். அங்கே 1,000 என்று போட்ட இடத்தில் இங்கே 2 போடுகிறோம். விளக்கு பாட ஆரம்பித்துவிடுகிறது!

கணக்கைப் பாருங்கள். மேலே 2, கீழே 2, ஒரு சுற்றுக்கு 4 மில்லி செகண்ட். ஒரு வினாடியில் 1,000 மில்லி செகண்ட். 1,000-ஐ 4-ஆல் வகுத்தால் 250 ஹெர்ட்ஸ்.

ஆர்மோனியக் கணக்கில் ஒரு கட்டை என்பது சி, ஐந்து கட்டை என்பது ஜி. பியானோவின் நடு சி சுமார் 261.6 ஹெர்ட்ஸ். நம்முடைய 250 அதற்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது.

4. மூன்றும் இரண்டும்

எங்கள் வகுப்பில் முதல் ஒலி வந்ததும் பிள்ளைகள் எண்ணை மாற்றி மாற்றி விளையாட ஆரம்பித்தார்கள். அதில் ஒரு பையன் 2 இருந்த இரண்டு இடத்திலும் 3 போட்டான். ஒலி கீழே இறங்கியது. மறுபடி 2, மறுபடி 3. அடுத்த அறையிலிருந்து டீச்சர் எட்டிப் பார்த்தார். "யாரு ச-ப போடுறது?" என்றார். நாங்கள் விழித்தோம். யாருக்கும் ச-வும் தெரியாது, ப-வும் தெரியாது.

அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 3 போட்டால் ஒரு சுற்று 6 மில்லி செகண்ட், அதாவது 166.67 ஹெர்ட்ஸ். 2 போட்டால் 250. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் சரியாக ஒன்றரை. ச-வைப் போல் ஒன்றரை மடங்கு அதிர்வெண் உள்ள சுரம் பஞ்சமம். வீணைத் தந்தியை மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் அழுத்தி மீட்டினாலும் அதே பஞ்சமம்தான் வரும். அங்கே நீளம் மூன்றுக்கு இரண்டு. இங்கே நேரம் மூன்றுக்கு இரண்டு. அவன் தெரியாமல் தொட்டது அதைத்தான்.

ஆனால் 3-க்கும் 2-க்கும் நடுவே முழு எண் கிடையாது. மற்ற சுரங்களுக்கு எங்கே போவது? மில்லி செகண்டை விட்டு மைக்ரோ செகண்டுக்கு இறங்க வேண்டும். 1 மில்லி செகண்ட் என்பது 1,000 மைக்ரோ செகண்ட். 'டிலே மைக்ரோசெகண்ட்ஸ்' என்ற கட்டளை இருக்கிறது. இசை வகுப்பில் சரளி வரிசை தொடங்கும் மாயாமாளவகௌளை ராகத்துக்கு, வழக்கமாகச் சொல்லப்படும் விகிதங்களின்படி, மேலேயும் கீழேயும் நிற்க வேண்டிய நேரம் இது:

ச – 3,000
ரி – 2,813
க – 2,400
ம – 2,250
ப – 2,000
த – 1,875
நி – 1,600
மேல் ச – 1,500

எல்லாம் மைக்ரோ செகண்ட். ச-வின் நேரத்தைப் பாதியாக்கினால் மேல் ச. நான்கில் மூன்று பங்காக்கினால் ம. ஐந்தில் நான்கு பங்காக்கினால் க. சுரம் என்று நாம் சொல்வது சின்னச் சின்ன முழு எண்களின் உறவு. எனக்கு இது தெரிந்தபோது வயது முப்பத்தாறு. யாராவது படிவம் இரண்டிலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு சுரத்தையும் ஒரே எண்ணிக்கைச் சுற்று ஓட விட்டால், மேல் ச கீழ் ச-வின் பாதி நேரத்திலேயே முடிந்துவிடும். அரை வினாடி வேண்டுமென்றால் கீழ் ச-வுக்கு 83 சுற்று, மேல் ச-வுக்கு 167 சுற்று. எங்கள் வகுப்பில் இதை மறந்து, சரளி வரிசை முடிவில் தடதடவென்று ஓடியது. டீச்சர் ரொம்ப நேரம் சிரித்தார்.

5. விம்மல்: காது போடும் கணக்கு

இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

இரண்டு போர்டு, இரண்டு ஸ்பீக்கர் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது 'டோன்' என்ற கட்டளையைப் பயன்படுத்துவோம். பின் எண்ணையும் அதிர்வெண்ணையும் கொடுத்தால் போதும், போர்டின் உள்ளே இருக்கும் டைமரே ஏற்றி இறக்கிக்கொள்ளும். நிரல் வேறு வேலை பார்க்கலாம். ஒரு போர்டில் ஒரு நேரத்தில் ஒரு டோன்தான் வரும். அதனால்தான் இரண்டு போர்டு.

முதல் போர்டில் 250 என்று நிலையாக வைக்கவும். இரண்டாவது போர்டில் வால்யூம் குமிழை மாட்டவும். குமிழின் இரண்டு ஓரக் கால்கள் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும், நடுக்கால் அனலாக் 0 பின்னுக்கு. குமிழ் கொடுக்கும் எண் 0 முதல் 1,023 வரை. அதை 64-ஆல் வகுத்து முழு எண்ணை எடுத்தால் 0 முதல் 15. அதோடு 244-ஐக் கூட்டி டோனுக்குக் கொடுக்கவும். குமிழைத் திருப்பினால் 244 முதல் 259 வரை ஒவ்வொரு ஹெர்ட்ஸாக நகரும். எண் மாறும்போது மட்டும் டோனைக் கூப்பிடுங்கள். லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் கூப்பிட்டால் ஒலி பொரியும்.

இப்போது இரண்டையும் சேர்த்து ஒலிக்க விடுங்கள். ஒன்று 250, இன்னொன்று 253. என்ன கேட்கிறது? இரண்டு ஒலி கேட்காது. ஒரே ஒலி, ஆனால் "வாவ்… வாவ்… வாவ்…" என்று ஏறி இறங்கும். வினாடிக்கு மூன்று முறை. 252-க்குக் கொண்டுவந்தால் இரண்டு முறை. 251-இல் ஒரு முறை. இரண்டு அலைகளும் ஒரு நேரம் சேர்ந்து தள்ளுகின்றன, ஒரு நேரம் ஒன்றை ஒன்று அணைக்கின்றன. வித்தியாசம் எத்தனை ஹெர்ட்ஸோ, வினாடிக்கு அத்தனை முறை ஏற்ற இறக்கம். தமிழ் அறிவியல் நூல்களில் இதற்கு விம்மல் என்று பெயர். நல்ல பெயர். ஒலி உண்மையிலேயே விம்முகிறது.

இரண்டிலும் 250 வைத்தால் விம்மல் நிற்க வேண்டும். அநேகமாக நிற்காது! சில வினாடிக்கு ஒரு முறை மெல்ல மூச்சு விடுவதுபோல் அசையும். நிரல் தவறில்லை. இரண்டு போர்டின் கடிகாரமும் துளி வேறுபடுகிறது. 250-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினால் கால் ஹெர்ட்ஸ். நான்கு வினாடிக்கு ஒரு விம்மல். திரையில் இரண்டும் 250 என்றுதான் எழுதியிருக்கிறது. வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது உங்கள் காது.

இந்த இடத்தில்தான் அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 3-ஐயும் 2-ஐயும் மாற்றிப் போட்டானே, அவன்தான். படிவம் மூன்று. சோல்டரிங் வேலையில் என்னைவிடக் கை சுத்தம். தங்கையை இசை வகுப்பில் விட வருகிற அம்மா, இவனையும் என் வகுப்பில் விட்டுப் போவார். அவனை ஏன் இசை வகுப்பில் சேர்க்கவில்லை என்று ஒரு நாள் கேட்டேன். "எனக்குக் காது கிடையாதுண்ணே. வீட்டுல பாடுனா காக்கான்னு சொல்வாங்க" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு.

குமிழை ஒரு துணியால் மூடினேன். அவனைத் திரும்பி நிற்கச் சொன்னேன். நான் குமிழைத் திருப்புவேன், அவன் ஒரு வினாடிக்கு எத்தனை விம்மல் என்று சொல்ல வேண்டும்.

"மூணு."

சரி. மாற்றினேன்.

"ஒண்ணு. இல்ல… ஒண்ணுதான்."

சரி. மறுபடி மாற்றினேன்.

"இது வேகமா இருக்குண்ணே. அஞ்சா, ஆறா?" ஆறு.

"காது இல்லாதவன் எப்படிடா எண்ணுனே?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. துணியை எடுத்துவிட்டுக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தான்.

6. குரலைச் சேர்த்துப் பார்ப்பது

அடுத்த வாரம் இரண்டாவது போர்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குரலை வைத்தோம். பெட்டி 250 ஒலிக்கும், நாம் அதோடு "ஆ…" என்று சேர வேண்டும். பெண் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பையனுக்குக் கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். குரல் ஏறவில்லை, உடைந்தது. அவன் முகம் சுருங்குவதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. படிவம் மூன்று! குரல் உடைகிற வயது. காதில் கோளாறே இல்லை. பெட்டிதான் அவன் குரலுக்கு மேலே நிற்கிறது.

2-ஐ அழித்து 3 போட்டேன். 166.67 ஹெர்ட்ஸ். "இப்போ மெதுவா. கத்தாதே. பெட்டியைவிடச் சத்தம் கூடக் கூடாது."

முதலில் விம்மல் தாறுமாறாக வந்தது. குரலைக் கொஞ்சம் ஏற்றினான், விம்மல் வேகமானது. இறக்கினான், மெதுவானது. இன்னும் கொஞ்சம். பிறகு அசைவே இல்லை. சட்டென்று வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, பெட்டி நின்னுடுச்சா?"

பெட்டி நிற்கவில்லை. அவன் குரலும் பெட்டியும் ஒன்றானதில் பெட்டி தனியாகக் கேட்கவில்லை. சுருதி சேர்வது என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

பஞ்சமத்துக்கும் இதே சோதனை செய்யலாம். நம் பெட்டியிலிருந்து வருவது சதுர அலை. அதில் அடிப்படை அதிர்வெண்ணோடு 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு என்று ஒற்றைப்படை மேல்சுரங்களும் மெலிதாக இருக்கின்றன. மனிதக் குரலில் 2, 3, 4 என்று எல்லா மடங்கும் உண்டு. பெட்டி 250-இல் நிற்கும்போது அதன் 3 மடங்கு 750. நீங்கள் 375-இல் ப பாடினால் குரலின் 2 மடங்கும் 750. இரண்டும் அங்கே கைகோக்கின்றன. நீங்கள் 374-இல் நின்றால் குரலின் 2 மடங்கு 748. வினாடிக்கு இரண்டு விம்மல். ப 'நிற்கிறது', 'நிற்கவில்லை' என்று டீச்சர் சொல்வது மாயமோ மனப்போக்கோ அல்ல. எண்ணிவிடலாம்.

7. அடிக்கடி வரும் கோளாறுகள்

எந்த எண் போட்டாலும் ஒரே 'பீப்': நீங்கள் வாங்கியது ஆக்டிவ் பஸர். அதன் உள்ளேயே சொந்தச் சுருதி இருக்கிறது, உங்கள் பேச்சைக் கேட்காது. ஸ்பீக்கரோ பாஸிவ் பஸரோ போடுங்கள்.

சத்தம் கரகரவென்று இருக்கிறது: சதுர அலையின் மேல்சுரங்கள்தான் காரணம். கணினிக்கு வைக்கும் ஆம்ப்ளிஃபையர் உள்ள ஸ்பீக்கர் இருந்தால், பின்னிலிருந்து 10 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம் வைத்து, இரண்டும் சேரும் இடத்திலிருந்து ஸ்பீக்கருக்கு எடுங்கள். 5 வோல்ட் அரை வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு பக்கவாட்டில் 0.1 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் வைத்தால், சுமார் 1,700 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளவை மழுங்கும். ஒலி மென்மையாகும்.

டோன் கட்டளைக்குப் பிறகு 3, 11 பின்களில் விளக்கு மங்குவது வேலை செய்யவில்லை: டோனும் அந்தப் பின்களும் ஒரே டைமரைப் பங்கு போடுகின்றன. விளக்கை வேறு பின்னுக்கு மாற்றுங்கள்.

262 என்று கேட்டேன், 262 வரவில்லை: டைமர் முழு எண்களால்தான் வகுக்கும். 262 கேட்டால் சுமார் 262.6 வரும். 250 மட்டும் மிச்சமில்லாமல் வகுபடும். நான் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பயிற்சிகள்

1. மேலே 2, கீழே 2 என்பதற்குப் பதிலாக மேலே 1, கீழே 3 மில்லி செகண்ட் வைத்துப் பாருங்கள். சுருதி மாறுகிறதா? குரல் மாறுகிறதா? ஏன்?

2. மாயாமாளவகௌளையில் ரி-யையும் த-வையும் மட்டும் மாற்றினால் சங்கராபரணம். ரி ஒன்பதில் எட்டு பங்கு நேரம், த ஐந்தில் மூன்று பங்கு நேரம். மைக்ரோ செகண்ட் எவ்வளவு என்று நீங்களே கண்டுபிடித்து ஒலிக்கச் செய்யுங்கள்.

3. உங்கள் குரலுக்கு வசதியான ச எது? குமிழின் எல்லையை மாற்றி எழுதி, கழுத்து இறுகாமல் பாட முடிகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

4. ஒரு நண்பரைத் திரும்பி நிற்கச் சொல்லி விம்மலை எண்ண வையுங்கள். "எனக்குக் காது கிடையாது" என்று சொல்கிற நண்பராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக

நாங்கள் செய்த பெட்டியை டீச்சரிடம் கொடுத்தோம். ஒரு வாரம் வைத்திருந்து, "சத்தம் தம்புரா மாதிரி இல்ல தம்பி. ஆனா சுருதி நிக்குது" என்றார். பாட்டுக்கென்று அவர் புதுப் பெட்டி ஒன்று வாங்கிவிட்டார். எங்கள் பெட்டி இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகள் சுருதி கேட்டுப் பழக உதவுகிறது. அந்தப் பையன் இன்னும் என் வகுப்புக்குத்தான் வருகிறான். ஆனால் கடைசி அரை மணி நேரம் பக்கத்து அறையில் போய் உட்கார்ந்துகொள்கிறான். பெரிய பாடகன் ஆகிவிடவில்லை. போன பொங்கல் நிகழ்ச்சியில் பின்வரிசையில் நின்று பாடினான். வாயை மட்டும் அசைக்கவில்லை. நான் பக்கத்தில் போய்க் காது வைத்துக் கேட்காமலே அது தெரிந்தது.

அவன் முதல் தடவை சுருதி சேர்ந்த அன்று, பிள்ளைகள் எல்லாம் போன பிறகு நான் மண்டபத்தைப் பூட்டாமல் கொஞ்ச நேரம் நின்றேன். கதவைச் சாத்திவிட்டு, பெட்டியைப் போட்டு, நானும் "ஆ…" என்றேன். இருபது வருடத்துக்கு மேல் துருப்பிடித்த குரல். விம்மல் வேகமாக வந்தது, மெதுவானது, மறுபடி வேகமானது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. பிறகு பெட்டி காணாமல் போனது.

தம்பி தங்கைகளே, உங்களிலும் சிலரிடம் யாராவது "நீ வாயை மட்டும் அசை" என்று சொல்லியிருக்கலாம். சொன்னவர் அன்று அவசரத்தில் இருந்திருப்பார். நீங்கள் அவசரப்படாதீர்கள். ஒரு ஸ்பீக்கரையும் ஒரு 270 ஓம் ரெசிஸ்டரையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மேலே 3, கீழே 3. எண்ணத் தொடங்குங்கள்.